மேனேஜர் விருது விவாதத்துக்கு பேஸ்பால் ரெஃபரன்ஸ் எவ்வளவு தூரம் உதவுகிறது?

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் ஆண்டுதோறும் வழங்கப்படும் விருதுகளில், ஆண்டின் சிறந்த மேனேஜர் விருதைப் போல் வாதப் பிரதிவாதங்களுக்கு இடம் கொடுப்பது வேறொன்று இல்லை. சிறந்த பிட்சர் யார் என்று கேட்டால் அவர் வீசிய ஒவ்வொரு பந்துக்கும் கணக்கு இருக்கிறது. சிறந்த பேட்டர் யார் என்று கேட்டால் அவர் மட்டை பிடித்த ஒவ்வொரு முறையும் பதிவாகியிருக்கிறது. மேனேஜரோ பந்தையும் தொடுவதில்லை, மட்டையையும் தொடுவதில்லை. கிரிக்கெட்டில் கேப்டன் களத்தில் நின்று எடுக்கும் முடிவுகளில் பெரும்பாலானவற்றை, யாரை எப்போது பந்துவீச அழைப்பது, யாரை எந்த வரிசையில் ஆட விடுவது என்பன உட்பட, பேஸ்பாலில் மேனேஜர் டக்அவுட்டில், அதாவது மைதானத்தின் ஓரத்தில் அணி அமரும் இடத்தில், இருந்தபடி எடுக்கிறார். அந்த முடிவுகளின் தரத்தை எதைக் கொண்டு அளப்பது என்பதில்தான் எல்லாச் சண்டையும். இந்த விவாதத்துக்கு நான் தொடர்ந்து நம்பிப் பயன்படுத்தி வரும் கருவி பேஸ்பால் ரெஃபரன்ஸ் என்ற புள்ளிவிவரத் தளம். அதன் மற்ற பயன்களை விட்டுவிட்டு, மேனேஜர் விருதுக்கு யார் தகுதியானவர் என்ற ஒரு கேள்விக்கு அது எப்படிப் பதில் தருகிறது என்பதை மட்டும் இந்த மதிப்புரையில் எழுதுகிறேன்.

முதலில் விருதின் விதிகள். அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர் சங்கம் 1983 முதல் இதை வழங்கி வருகிறது. அமெரிக்கன் லீகுக்கு ஒருவர், நேஷனல் லீகுக்கு ஒருவர் என ஆண்டுக்கு இருவருக்கு விருது. ஒவ்வொரு லீகுக்கும் 30 எழுத்தாளர்கள் வாக்களிக்கிறார்கள். ஒவ்வொருவரும் மூன்று பெயர்களை வரிசைப்படுத்தித் தர, முதலிடத்துக்கு 5, இரண்டாமிடத்துக்கு 3, மூன்றாமிடத்துக்கு 1 என்று புள்ளிகள் சேர்கின்றன. வழக்கமான சீசனுக்குப் பிறகு கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் ஆட்டங்கள் தொடங்குவதற்கு முன்பே வாக்குச்சீட்டுகள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பது எல்லாவற்றையும் விட முக்கியமான விதி. அக்டோபரில் நடப்பது எதுவும் இந்த விருதில் எண்ணப்படுவதில்லை. விவாதத்தில் இறங்குகிறவர்கள் பாதிப் பேர் இதை மறந்துவிட்டுத்தான் பேசுகிறார்கள்.

பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தை 2000-ஆம் ஆண்டு தொடங்கியவர் சீன் ஃபோர்மன், பின்னர் பிலடெல்ஃபியாவில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆட்டங்கள் முதல் நேற்று இரவு முடிந்த ஆட்டம் வரை எல்லாமே அட்டவணைகளாக அங்கே கிடக்கின்றன. படிக்கக் கட்டணம் இல்லை; விளம்பரங்கள் உண்டு. அலங்காரம் ஏதும் இல்லாத, எண்கள் நெருக்கியடித்து நிற்கும் பக்கங்கள். முதல் முறை நுழைகிறவர் சற்று மிரண்டு போகலாம். ஆனால் எந்தப் பெயரைத் தொட்டாலும் அந்த ஆளின் பக்கத்துக்கும், எந்த ஆண்டைத் தொட்டாலும் அந்த சீசனின் பக்கத்துக்கும் போய்விடலாம் என்ற ஒரே வசதி, ஒரு வாதத்தின் நூலைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் போவதற்குப் போதுமானது.

மேனேஜர் விருதைப் பற்றி யோசிக்கும்போது நான் முதலில் திறப்பது சீசனின் அணிவரிசைப் பக்கத்தை. அங்கே வெற்றி தோல்விகளுக்கு அருகிலேயே, ஓர் அணி எடுத்த ரன்களையும் விட்டுக்கொடுத்த ரன்களையும் வைத்து அது எத்தனை ஆட்டங்களில் வென்றிருக்க வேண்டும் என்று கணக்கிட்டு ஒரு பத்தியில் கொடுத்திருக்கிறார்கள். பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் உருவாக்கிய சூத்திரத்தின் திருத்தப்பட்ட வடிவம் அது, ரன்களை 1.83 என்ற அடுக்குக்கு உயர்த்திக் கணக்கிடுகிறார்கள். உண்மையான வெற்றிகளுக்கும் இந்தக் கணக்கு சொல்லும் வெற்றிகளுக்கும் உள்ள வித்தியாசம் அடுத்த பத்தியில் அதிர்ஷ்டம் என்ற தலைப்பில் வருகிறது. அதற்குச் சற்றுத் தள்ளி, ஒரு ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களின் கணக்கு. மேனேஜர் விருது விவாதம் முழுவதும் இந்த இரண்டு மூன்று பத்திகளுக்குள் அடங்கிக் கிடக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். எதிர்பார்த்ததை விட ஓர் அணி அதிகம் வென்றால், அதை வாக்காளர்கள் மேனேஜரின் திறமை என்று எழுதிக்கொள்கிறார்கள். இந்தத் தளமோ அதைத் தற்செயல் என்று எழுதிக்கொள்கிறது. ஒரே எண்ணுக்கு இரண்டு உரிமையாளர்கள்.

2023-ஆம் ஆண்டு நேஷனல் லீக் விருதை எடுத்துக்கொள்வோம். மயாமி மார்லின்ஸ் அணியின் ஸ்கிப் ஷூமேக்கர் அந்த விருதை வென்றார். அவருடைய அணி 84 ஆட்டங்களில் வென்று 78-இல் தோற்றது. எடுத்த ரன்கள் 666, கொடுத்த ரன்கள் 723. கணக்குப்படி அந்த அணி 75 ஆட்டங்களை ஒட்டித்தான் வென்றிருக்க வேண்டும். மீதி ஒன்பது எங்கிருந்து வந்தது என்பதை ஒரு ரன் ஆட்டங்களின் பத்தி காட்டிக் கொடுக்கிறது: 33 வெற்றி, 14 தோல்வி. நெருக்கமான ஆட்டங்களில் புல்பென்னை, அதாவது இடையில் இறக்கும் மாற்று பிட்சர்களை, சரியாகக் கையாண்டதன் பலன் இது என்று ஷூமேக்கரை ஆதரித்தவர்கள் சொன்னார்கள். அதில் உண்மை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதே பக்கத்தில் ஆண்டை ஒன்று தள்ளிப் பார்த்தால், அதே மேனேஜரின் கீழ் 2024-இல் மார்லின்ஸ் 62 வெற்றி, 100 தோல்வி என்று நிற்கிறது. காயங்களும் ஆட்டக்காரர்களை விற்றதும் அதற்குப் பெரும் காரணம் என்பது சரியே. ஆயினும் ஒரு மனிதரின் திறமை ஓராண்டில் ஆவியாகிப் போவதில்லை என்பதால், முந்தைய ஆண்டின் 33-14 முழுவதும் அவர் கைவண்ணம் என்று ஏற்பதற்கும் எனக்கு மனம் வரவில்லை.

அந்த ஆண்டு வாக்கெடுப்பில் இரண்டாமிடம் பிடித்தவர் மில்வாக்கி புரூவர்ஸ் அணியின் கிரெய்க் கவுன்செல், 92 வெற்றிகளுடன். விருதுகளின் வாக்கு விவரப் பக்கத்துக்குப் போனால் நெஞ்சை உறுத்தும் ஒரு வரிசை தெரியும். 2018, 2019, 2021, 2023 என்று நான்கு முறை அவர் இரண்டாமிடம். ஒரு முறைகூட முதலிடம் இல்லை. சிறிய நகரம், சிறிய சம்பளப் பட்டியல், ஆனாலும் ஆண்டு தவறாமல் போட்டியில் நிற்கும் அணி. ஆண்டு தவறாமல் நின்றதே அவருக்கு எதிராகப் போயிற்று. மில்வாக்கி ஜெயிப்பது வாக்காளர்களுக்கு வியப்பாக இல்லாமல் போய்விட்டது. 2023 நவம்பரில் ஐந்து ஆண்டுகளுக்கு 4 கோடி டாலர் ஒப்பந்தத்தில் அவர் சிகாகோ கப்ஸ் அணிக்குப் போனார். அவருக்கு நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக இருந்தவரும், மில்வாக்கியில் அவருக்கு அடுத்த நிலையில் பணியாற்றியவருமான பாட் மர்ஃபி அந்த இடத்துக்கு வந்தார். நட்சத்திர பிட்சர் கார்பின் பர்ன்ஸும் விற்கப்பட்டுவிட்டதால், அணி சரியும் என்று எல்லாரும் கணித்தார்கள். மர்ஃபி 93 வெற்றிகளைப் பெற்றார்; 30 முதலிட வாக்குகளில் 27 அவருக்குப் போயின. மில்வாக்கி மேனேஜர் ஒருவர் இந்த விருதை வென்றது அதுவே முதல் முறை.

மர்ஃபிக்குத் தகுதி இல்லை என்பது என் வாதம் அல்ல; முழுத் தகுதியும் உண்டு. 2024-இல் அவருடைய அணி 777 ரன் எடுத்து 641 ரன் கொடுத்தது. கணக்குப்படி வர வேண்டியது 95 வெற்றி, வந்தது 93. அதிர்ஷ்டத்தின் பத்தியில் அவருக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை, சற்றுக் குறைவாகவே கிடைத்தது. 2025-லும் அப்படித்தான்: 806 ரன் எடுத்து 634 ரன் கொடுத்து, 97 வெற்றிகளுடன் இரு லீகுகளிலும் முதலிடம். வில்லி அடாமெஸ் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் டெவின் வில்லியம்ஸ் நியூயார்க்குக்கும் போய்விட்ட பிறகு, சீசனின் முதல் நான்கு ஆட்டங்களையும் தோற்றுவிட்டு, ஆகஸ்டில் தொடர்ந்து 14 ஆட்டங்களை வென்று அணியின் சாதனையை முறியடித்த சீசன் அது. ஷூமேக்கரின் 2023 சீசனையும் மர்ஃபியின் இந்த இரண்டு சீசன்களையும் இரண்டு சாளரங்களில் திறந்து வைத்துப் பார்த்தால், ஒரே விருது எவ்வளவு வேறுபட்ட இரண்டு சாதனைகளுக்குப் போயிருக்கிறது என்பது சட்டென்று விளங்கும். இப்படி விளங்க வைப்பதில் இந்தத் தளத்துக்கு இணை இல்லை. கவுன்செலுக்கு இழைக்கப்பட்டது அநியாயம் என்ற என் எண்ணமும் இந்தப் பக்கங்களைப் பார்த்துப் பார்த்து வலுப்பட்டதுதான்.

அமெரிக்கன் லீகில் 2025 விவாதம் இதை விடச் சிக்கலானது. கிளீவ்லேண்ட் கார்டியன்ஸ் அணியின் ஸ்டீஃபன் வோக்ட், டொராண்டோ புளூ ஜேஸ் அணியின் ஜான் ஷ்னைடர், சியாட்டில் மாரினர்ஸ் அணியின் டான் வில்சன் ஆகிய மூவரும் விருதுக்கான இறுதிப் பட்டியலில் இருந்தார்கள். வோக்ட் 17 முதலிட வாக்குகளும் ஷ்னைடர் 10 முதலிட வாக்குகளும் பெற, வோக்ட் தொடர்ந்து இரண்டாவது ஆண்டாக வென்றார். ஜூலை 8 அன்று அவருடைய அணி 40 வெற்றி, 48 தோல்வியுடன் டெட்ராய்ட் டைகர்ஸை விட 15.5 ஆட்டங்கள் பின்தங்கியிருந்தது. அதே மாதத்தில் சூதாட்ட விசாரணை காரணமாக, ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸை வீசும் முக்கியமான பிட்சர் உட்பட இருவர் விடுப்பில் அனுப்பப்பட்டனர். அந்த நிலையிலிருந்து 88 வெற்றிகளை எட்டி, ஒரே ஒரு ஆட்ட வித்தியாசத்தில், லீகுக்குள் அவர்கள் இருக்கும் பிரிவான டிவிஷனை வென்றார்கள். அவ்வளவு பெரிய இடைவெளியை அடைத்து டிவிஷனை வென்ற அணி அதற்கு முன் இல்லை.

இப்போது தளத்தின் பத்திகளைப் பாருங்கள். கிளீவ்லேண்ட் எடுத்த ரன்கள் 643, கொடுத்தவை 649. எடுத்ததை விடக் கொடுத்தது அதிகம். கணக்குப்படி 80 வெற்றிகள் வர வேண்டிய இடத்தில் 88. ஷூமேக்கரை வைத்து நான் கேட்ட அதே கேள்வியை வோக்டையும் வைத்துக் கேட்டாக வேண்டும். ஷ்னைடரின் பக்கமோ 2024-இல் 74 வெற்றிகளுடன் டிவிஷனின் கடைசி இடம், 2025-இல் 94 வெற்றிகளுடன் முதலிடம் என்று நிற்கிறது. அவருக்கும் கணக்கை விட ஐந்தாறு வெற்றிகள் கூடுதலாகவே வந்தன. ஆனால் 798 ரன் எடுத்து 721 கொடுத்த அணி எப்படியும் நல்ல அணிதான். வெறும் எண்களை மட்டும் பார்த்தால் ஷ்னைடரின் கை ஓங்கியிருக்கிறது.

இங்கேதான் தளத்தின் இன்னொரு பகுதி, ஆட்டத்துக்கு ஆட்டம் தரப்படும் பாக்ஸ் ஸ்கோர், பெரும் உதவி செய்கிறது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பேட்டர் வாரியாக நடந்தது அனைத்தும் அங்கே இருக்கும். ஒவ்வொரு நிகழ்வுக்கும் பக்கத்தில், அந்த நொடியில் வெல்லும் வாய்ப்பு எவ்வளவு மாறியது என்ற எண்ணும் இருக்கும். 2025 செப்டம்பர் 23 அன்று கிளீவ்லேண்டில் நடந்த டைகர்ஸ் ஆட்டத்தைத் திறந்து ஆறாவது இன்னிங்ஸுக்கு வாருங்கள். அமெரிக்கன் லீகின் தலைசிறந்த பிட்சரான டாரிக் ஸ்கூபல் வீசுகிறார். டைகர்ஸ் 2-0 என்று முன்னிலை. ஸ்டீவன் குவான் பண்ட் செய்து, அதாவது மட்டையை வீசாமல் பந்தை மெல்லத் தட்டி அருகிலேயே விழச் செய்து, ஓட்டப் பாதையின் முதல் நிலையான முதல் பேஸுக்குப் போகிறார். அடுத்து வந்த ஏஞ்சல் மார்ட்டினெஸும் பண்ட் செய்கிறார்; பந்தை எடுத்த ஸ்கூபல் தன் கால்களுக்கு இடையில் எறிய, அது தவறிப் போகிறது. டேவிட் ஃப்ரை பண்டுக்குத் தயாராக நிற்கும்போது பந்து அவர் முகத்தில் பட்டு, அவர் ஆட்டத்தை விட்டு வெளியேற நேர்கிறது. பிறகு ஒரு தவறான வீச்சு, ஒரு பாக் (ஓட்டக்காரர்களை ஒரு பேஸ் முன்னேற விடும், பிட்சரின் விதிமீறிய அசைவு). பலமான அடி என்று சொல்லத்தக்கது எதுவுமே இல்லாமல் மூன்று ரன்கள் வந்துவிட்டன. கிளீவ்லேண்ட் 5-2 என்று வென்றது. டிவிஷனில் இரு அணிகளும் சமமாயின.

அடித்து வீழ்த்த முடியாத பிட்சரை ஓட வைத்து, குனிய வைத்து, எறிய வைத்து நிலைகுலையச் செய்த இன்னிங்ஸ் அது. பலவீனமான மட்டைகளை வைத்துக்கொண்டு ஓர் அணி எப்படி வெல்லும் என்பதற்கு இதை விட நல்ல பாடம் கிடையாது. ஆனால் அந்த முதல் பண்ட் வோக்டின் கட்டளையா, குவானின் சொந்த முடிவா? பாக்ஸ் ஸ்கோர் அதைச் சொல்வதில்லை, சொல்லவும் முடியாது. தளத்தில் மேனேஜர்களின் ஆட்டப் போக்கைக் காட்டும் தனி அட்டவணை ஒன்று உண்டு. ஓட்டக்காரரை இரண்டாம் பேஸைத் திருட, அதாவது அடி விழாமலே ஓடிப் பிடிக்க, எத்தனை முறை அனுப்பினார், எத்தனை தியாக பண்ட் (பேட்டர் தான் அவுட்டாகி ஓட்டக்காரரை முன்னேற்றுவது), வேண்டுமென்றே கொடுத்த நடைகள் (பேட்டரை அடிக்க விடாமல் முதல் பேஸுக்கு அனுப்புவது), ஓர் ஆட்டத்துக்கு எத்தனை பிட்சர்கள் என்றெல்லாம் லீக் சராசரியை 100 என்று வைத்து ஒப்பிட்டிருப்பார்கள். ஒரு மேனேஜரின் குணத்தை அறிய அருமையான அட்டவணை. ஆனால் பண்ட் செய்தவர் தானே பாதுகாப்பாக முதல் பேஸை அடைந்துவிட்டால் அது தியாக பண்டாக எழுதப்படுவதில்லை. ஆகவே, சீசனையே திருப்பிய அந்த இன்னிங்ஸின் முதல் அடியை அந்த அட்டவணையின் தியாக பண்ட் கணக்கில் தேடிப் பயனில்லை. அது ஒரு முடிவு எத்தனை முறை எடுக்கப்பட்டது என்பதை மட்டும் எண்ணுகிறது. எந்த நேரத்தில், யாருக்கு எதிராக, எவ்வளவு பொருத்தமாக என்பதை வாசகரே பாக்ஸ் ஸ்கோர்களில் போய்த் தேடிக்கொள்ள வேண்டும்.

இந்தத் தேடலுக்கு நான் எப்போதும் பரிந்துரைக்கும் இன்னோர் ஆட்டம், இரு லீகுகளின் வெற்றியாளர்கள் கோப்பைக்காக மோதும் வேர்ல்ட் சீரிஸின் 2020-ஆம் ஆண்டு ஆறாவது ஆட்டம். டாம்பா பே ரேஸ் அணியின் பிளேக் ஸ்நெல் 73 பந்துகளில் ஒன்பது பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து, இரண்டே ஹிட் கொடுத்திருந்தார். அணி 1-0 என்று முன்னிலை. ஆறாவது இன்னிங்ஸில் ஒருவர் அவுட்டான நிலையில் மேனேஜர் கெவின் கேஷ் அவரை வெளியே எடுத்தார். அடுத்து வந்த மூக்கி பெட்ஸ் இரண்டு பேஸ் அடி அடித்தார். சில நிமிடங்களில் ஆட்டம் எதிரணியான லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பக்கம் சாய்ந்து, 3-1 என்று முடிந்தது. இரண்டு வாரம் கழித்து அமெரிக்கன் லீகின் சிறந்த மேனேஜர் விருது கேஷுக்குக் கிடைத்தது. கேள்விப்பட்டவர்கள் கொதித்துப் போனார்கள். ஆனால் வாக்குகள் அந்த ஆட்டத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தன. அத்தோடு, 60 ஆட்டங்களே நடந்த அந்தச் சுருங்கிய சீசனில் 40 வெற்றிகளை அவருக்குப் பெற்றுத் தந்ததும் பிட்சர்களை முன்கூட்டியே மாற்றும் அதே முறைதான். ஒரே பழக்கம் விருதையும் பெற்றுத் தந்து, கோப்பையையும் பறித்துக்கொண்டது என்பதை அந்த ஆண்டின் பக்கங்களை வரிசையாகப் படிக்கும்போதுதான் நான் முழுமையாக உணர்ந்தேன்.

தளத்தில் எனக்கு உள்ள பெரிய குறை ஒன்று உண்டு. இந்த விருதை நிர்ணயிப்பது சீசன் தொடங்கும் முன் அந்த அணியிடம் உலகம் எதை எதிர்பார்த்தது என்பது. அந்த எதிர்பார்ப்பை, முடிந்துபோன சீசனின் அணிவரிசைக்கு அருகிலேயே வைத்துக் காட்டினால் விவாதம் பாதி தீர்ந்துவிடும். இப்போது அதற்கு ஃபேன்கிராஃப்ஸ் தளத்தின் கணிப்புகளை நாட வேண்டியிருக்கிறது. 2024 ஆகஸ்டில் டைகர்ஸ் அணி பிளேஆஃபுக்குப் போகும் வாய்ப்பு 0.2 சதவீதம் என்று அங்கே காட்டியது; ஏ.ஜே. ஹின்ச் அந்த அணியை 86 வெற்றிகளுடன் உள்ளே கொண்டு சென்றார். அந்த 0.2 என்ற எண் தெரியாமல் ஹின்சுக்காக யாரும் வாதாட முடியாது. அவர் அந்த ஆண்டு வாக்கெடுப்பில் மூன்றாமிடமே பிடித்தார் என்பது வேறு வருத்தம்.

வாக்கு விவரப் பக்கங்களின் வரலாற்றையும் ஒருமுறை மேய்ந்து பாருங்கள். புரூஸ் போச்சி 1996-இல் சான் டியேகோவில் இந்த விருதை வென்றார். சான் ஃபிரான்சிஸ்கோவில் 2010, 2012, 2014 என்று மூன்று வேர்ல்ட் சீரிஸ் வென்றபோது ஒரு முறைகூட வெல்லவில்லை. டாட்ஜர்ஸின் டேவ் ராபர்ட்ஸுக்கு 2016-க்குப் பிறகு கிடைக்கவே இல்லை. 2022-இல் ராபர்ட்ஸ் 111 வெற்றிகள் பெற்றும் விருது நியூயார்க் மெட்ஸின் பக் ஷோவால்டருக்குத்தான் போயிற்று. 2006-இல் 78 வெற்றி, 84 தோல்வி கண்ட ஜோ ஜிரார்டி விருதை வென்றார். அறிவிப்பு வரும் முன்பே அவருடைய நிர்வாகம் அவரை வேலையிலிருந்து நீக்கியிருந்தது. பணக்கார அணியை நன்றாக நடத்துவதும் ஒரு திறமைதான் என்பதை வாக்காளர்கள் இன்னும் ஏற்கவில்லை. ராபர்ட்ஸுக்கு இன்னும் இரண்டு முறையாவது முதலிட வாக்குகள் குவிந்திருக்க வேண்டும் என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

2025-க்கான என் வாக்கு, இந்தப் பக்கங்களை எல்லாம் பார்த்த பிறகு, இப்படி அமைகிறது. நேஷனல் லீகில் மர்ஃபி, அதில் எனக்குத் தயக்கமே இல்லை. இரண்டாவதாக, சின்சினாட்டி ரெட்ஸை 77 வெற்றிகளிலிருந்து 83-க்கு உயர்த்தி பிளேஆஃபுக்குக் கொண்டு சென்ற டெர்ரி ஃபிராங்கோனா. மூன்றாவதாக, பிலடெல்ஃபியாவின் ராப் தாம்சன். அமெரிக்கன் லீகில் ஷ்னைடர் முதலிடம், வோக்ட் இரண்டாமிடம், வில்சன் மூன்றாமிடம். வோக்டின் செப்டம்பர் என்னை உருக்கியது உண்மை. ஆயினும் ஷூமேக்கருக்கு ஓர் அளவுகோல், வோக்டுக்கு இன்னோர் அளவுகோல் என்று வைப்பது முறையாகாது. கடைசி இடத்திலிருந்த அணியை 162 ஆட்டங்களில் முதலிடத்துக்கு ஏற்றியதில் ஷ்னைடருக்கு உள்ள பங்கு ரன் கணக்கிலும் தாங்கி நிற்கிறது.

இந்த விவாதத்துக்காக மட்டும் தளத்துக்குப் போகிறவர் பணம் கட்ட வேண்டியதில்லை. அணிவரிசை, மேனேஜர் பக்கங்கள், ஆட்டப் போக்கு அட்டவணை, பாக்ஸ் ஸ்கோர், வாக்கு விவரங்கள் ஐந்தும் இலவசமே. ஸ்டாட்ஹெட் என்ற கட்டணச் சேவை, நாமே நிபந்தனைகளைக் கொடுத்துப் பல ஆண்டுகளின் ஆட்டங்களைச் சலித்தெடுப்பதற்கானது. ஒரு ரன் ஆட்டங்களில் குறிப்பிட்ட அணிகளின் சாதனையைப் பல சீசன்களுக்கு ஒப்பிட விரும்புகிறவர், நவம்பரில் விருது அறிவிக்கப்படும் அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் சந்தா கட்டினால் போதும்.